இளையோர் அலமாரியின் எதிரி

அமிர்தவல்லிக்கு அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பதினோரு புத்தகம் படித்தாள், பதினொன்றையும் திட்டினாள். பிடிக்காததை எதற்குப் படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், அதில்தான் எழுத்து பெரிசு என்பாள். பொய்யில்லை. பெரியவர்கள் படிக்கிற புத்தகங்களில் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. குழந்தைகள் புத்தகத்தில் நரியும் காக்காயும் அலுத்துப் போய்விட்டன. நடுவில் இருந்த ‘இளையோர்’ அலமாரியில்தான் கண்ணுக்கு அடங்குகிற எழுத்தும் கைக்கு அடங்காத கதையும் இருந்தன. அட்டையில் வாள், நெருப்பு, முகத்தில் பாதியை முடியால் மறைத்துக்கொண்ட ஒரு பெண். எல்லா அட்டையிலும் அதே பெண்தான் என்று அவளுக்குச் சந்தேகம்.

செஞ்சிக் கடைவீதியில் ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேலே, மாடியில் இருந்தது ஜினசேனன் நினைவுப் படிப்பகம். கீழே வேர்க்கடலை மூட்டை இறக்குகிற தூசி ஜன்னல் வழியாக ஏறி வந்து புத்தகங்களின் மேல் உட்காரும். மண்டிக்காரர் அஜித்நாதன் தன் அப்பா பெயரில் அதை நடத்தினார். பார்த்துக்கொண்டவர் பத்மினி, பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்தப் புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே சொல்வார்.

அமிர்தவல்லி சிங்கவரத்துக்காரி. கோட்டையில் சித்தாள் வேலை. இடிந்த மதிலுக்குக் காரை வைக்கிற கூட்டத்தில் ஏழு பெண்கள். ராஜகிரி மலைப்படியில் சுண்ணாம்பும் மணலும் தண்ணீரும் இந்த ஏழு தலைகளில்தான் ஏறின. நாற்பத்தெட்டு வயது. எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்தைந்தில், ஊர்ச் சமுதாயக் கூடத்தில், சாயங்கால வகுப்பில். வகுப்பு எடுத்த கவிதா டீச்சர் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள். எதை எழுதினாலும் கீழே பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “இனிமே ஒருத்தரும் மை தொட்டு விரல் வைக்கக் கூடாது. எழுதினது யாருன்னு ஊருக்குத் தெரியணும்” என்றாள். அமிர்தவல்லிக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. மளிகைச் சாமான் எழுதினால்கூட, துவரம்பருப்பு, புளி, சோப்பு, அதற்குக் கீழே ‘அமிர்தவல்லி, சிங்கவரம்’ என்று போட்டுத்தான் கடைக்கு எடுத்துப் போவாள். கடைக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

அந்த வகுப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அரைப் பக்கம் வெள்ளையாக விட்டிருப்பார்கள். படித்ததைப் பற்றித் தோன்றியதை அங்கே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கவிதா டீச்சர் விடமாட்டாள். ஆகவே, படிப்பகத்தில் இருந்து எடுத்துவந்த முதல் தடித்த புத்தகத்தில், முதல் அத்தியாயம் முடிந்து பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தபோது, அமிர்தவல்லிக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. பென்சிலை எடுத்தாள்.

அது ‘பனிவாள் இளவரசி’. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, நான்கு தோழிகளோடு, நாற்பது நாள் பனியில் நடந்து எதிரி நாட்டுக்குப் போகிறாள். அமிர்தவல்லி விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு வரியைத் தாண்டிப் போக அவளுக்குத் தெரியாது. வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டுகிற இடத்தில்தான் எழுதுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பது அவள் கண்டுபிடித்தது. அத்தியாயத்தின் கீழே எழுதினாள்:

‘நாற்பது நாள் ஆச்சு. ஐந்து பொம்பளைங்க. ஒருத்தியும் சோறு தின்னலை. வெளிக்குப் போகலை. ஒருத்திக்கும் தூரமாகலை. வாளை மட்டும் தினமும் துடைக்கிறாங்க. அமிர்தவல்லி, சிங்கவரம்.’

அடுத்தது ‘சாம்பல் நகரத்துச் சகோதரிகள்’. அதில் ஒரு மந்திரவாதி ராவோடு ராவாக அறுபது அடிக் கோபுரம் எழுப்பினான். ‘மட்டம் பிடிச்சது யாரு? ஒரு முழச் சுவருக்கே எங்க மேஸ்திரி நூல் கட்டி மூணு வாட்டி பிரிக்கச் சொல்றாரு. அமிர்தவல்லி, சிங்கவரம்.’ அதே புத்தகத்தில் மூத்த சகோதரி, தன்னைக் கட்டிப்போட்டு அடித்த எதிரி இளவரசனின் சாம்பல் நிறக் கண்களைப் பார்த்து உருகினாள். அமிர்தவல்லி பென்சிலை அழுத்தியதில் தாள் கிழியப் பார்த்தது. ‘அடிக்கிறவனைப் பார்த்து இவ எதுக்கு உருகணும்? எங்க தெருவுக்கு வரச் சொல்லு. கண்ணு எந்த நிறமா இருந்தாலும் கை ஒரே மாதிரிதான் விழும். அமிர்தவல்லி, சிங்கவரம்.’

மூன்றாவது புத்தகத்தை முடித்துவிட்டு, நன்றாகத் திட்டினோமா என்று பார்க்க முதல் புத்தகத்தை மறுபடி எடுத்து வந்தாள். அவள் பென்சில் எழுத்துக்குக் கீழே நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இது ஃபேன்டஸி!! இதில் லாஜிக் பார்க்கக் கூடாது.’

பேர் இல்லை. ஊர் இல்லை.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தான் எழுதியதை ஒரு ஆள் படித்திருக்கிறார். அது அவள் வாழ்நாளில் நடக்காதது. சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. பிறகு அந்த இரண்டு ஆச்சரியக்குறிகளும் கண்ணை உறுத்த ஆரம்பித்தன. அன்றைக்குத் தொடங்கியது சண்டை. அவள் பென்சிலில் எழுதினால் ஒரு மாதம் கழித்து அடியில் நீல மை வரும். ‘பிடிக்கலைன்னா படிக்காதீங்க!’ ‘உங்க தெருவில் நடப்பதெல்லாம் கதையில் வராது.’ ஒருமுறை, ‘முதலில் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டு பிறகு விமர்சனம் பண்ணுங்கள்.’

அதைப் படித்த அன்று அமிர்தவல்லி வீட்டில் சோறு வடிக்கவில்லை. மறுநாள் அந்த வரிக்குக் கீழே எழுதினாள்: ‘கத்துக்கிட்டேன். அதனாலதான் பேர் போடுறேன். நீ கத்துக்கிட்டும் போட மாட்டேங்கிற. அமிர்தவல்லி, சிங்கவரம்.’

பிறகு ‘கரும்பருந்து’ வந்தது. மூன்று பாகம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எழுதியது சென்னையில் இருக்கிற ஒரு பெண், பின்னட்டையில் பூனையோடு நின்றாள். பூனையைப் பார்த்ததுமே அமிர்தவல்லிக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் கதாநாயகன் வேழன் ஒரு தண்ணீர்க்காரன் மகன். மலைக்கோட்டையில் ராஜா குளிக்கவும் குடிக்கவும், அப்பனும் மகனும் தோல்பையில் தண்ணீர் மொண்டு தொள்ளாயிரம் படி ஏறுகிறார்கள். பத்துப் புத்தகம் படித்ததில், எதையாவது தூக்குகிற ஒரு ஆள் கதையில் வருவது அதுதான் முதல் தடவை.

‘வேழன் தண்ணீர்ப்பையுடன் படிகளில் துள்ளி ஓடினான்’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ‘துள்ள மாட்டான். துள்ளினா தளும்பும். தளும்பினா மறுபடி கீழ போகணும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் நாலாவது அத்தியாயத்தில் அப்பன் மகனுக்கு ஈரத்துணியை நாலாக மடித்துத் தோளில் வார் அழுத்துகிற இடத்தில் வைத்துக் கட்டிவிடுகிறான். அமிர்தவல்லி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பூனைக்காரிக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தூக்கின ஆள்தான் சொல்லியிருக்க முடியும். அந்த அத்தியாயத்தின் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானச் சோற்று நேரத்தில், மலைப்பாதை மண்டப நிழலில், கதையைக் கூட வேலை செய்கிற பெண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறு பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். அதில் தைலம்மாள் வாய் சும்மா இருக்காது.

“ஏண்டி அமிர்தம், அந்தப் பையனுக்குக் கூலி எவ்ளோ?”

“கூலி பத்தி எழுதல.”

“எழுதலியா? அப்ப அவன் எதுக்குடி ஏறுறான்?”

“அத்தத்தான் நானும் கேட்டு எழுதியிருக்கேன்.”

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், போரில் அடிபட்டுக் கிடந்த வேழனின் சட்டையைக் கிழித்து வைத்தியம் பார்க்கிறார்கள். ராஜா குனிகிறார். வேழனின் இடது தோளில் பறவை இறகு விரித்தது போல ஒரு கருத்த அடையாளம். ராஜாவின் கை நடுங்குகிறது. முடிந்தது பாகம்.

தைலம்மாள் சோற்றுக் கையோடு எழுந்தே விட்டாள். “இன்னாடி அது? மச்சமா? அப்ப அவன் ராஜா மவனா?”

“மச்சம் இல்ல. காய்ப்பு.”

“நீ சொல்றியா, பொஸ்தகம் சொல்லுதா?”

“வார் அழுத்துன எடம் அதுதான. எடது தோளு. எங்க நைனாவுக்கு மண்டியில மூட்ட தூக்கித் தூக்கி ரெண்டு தோள்லயும் இருந்துச்சு, அகலமா, கருப்பா. பருந்து இன்னா, பெருங்கழுகே ஒக்காந்த மாதிரி. அவரு எந்த ஊரு ராஜாவுக்குப் பொறந்தாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தவல்லி சிரிக்கவில்லை. கரும்பருந்துக்கு முந்தின ஒன்பது புத்தகத்திலும் அதுதான் நடந்திருந்தது. குடிசையில் வளர்ந்தவன், மாடு மேய்த்தவன், துணி வெளுத்தவள், கடைசியில் பார்த்தால் அத்தனை பேரும் ராஜா வீட்டில் இருந்து தொலைந்து போன பிள்ளைகள். குடிசையில் பிறந்தவன் ஒருத்தன்கூடக் கடைசிவரை குடிசைப் பிள்ளையாகவே இருந்து ஜெயித்ததில்லை. இந்த ஒருத்தனாவது தண்ணீர்க்காரன் மகனாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் சுண்ணாம்புச் சட்டியோடு படி ஏறும்போதெல்லாம் அதுதான் மனசில் ஓடியது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில், அவசரப்படாமல், எழுத்தை நேராக வைத்து எழுதினாள்:

‘இது மச்சம் இல்லை. சுமை தூக்கின காய்ப்பு. தூக்கினவனுக்குத் தெரியும். அமிர்தவல்லி, சித்தாள், சிங்கவரம்.’

மூன்று வாரம் கழித்து நீல மை பதில் சொல்லியிருந்தது: ‘பருந்து மச்சம்தான். அவன் ஒரு சாதாரண ஆளாக இருக்கவே முடியாது. மூன்றாம் பாகத்தில் பாருங்கள்!!’

ஆடி பிறந்த வாரம், படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ‘புதிய வரவு: கரும்பருந்து, பாகம் மூன்று’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டாள். வேலை விட்டு, காலைக்கூடக் கழுவாமல், நேராகக் கடைவீதிக்கு வந்து மாடி ஏறினாள்.

மேசையின் மேல் புத்தகங்கள் அடுக்கி இருந்தன. பதினொன்று. ஒவ்வொன்றையும் அவளுக்கு முதுகைப் பார்த்தே தெரியும். ஜன்னல் ஓரத்து நாற்காலியில், காலை மடித்துக்கொண்டு, அஜித்நாதனின் மகள் கிருத்திகா உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். அவள் மடியில் மூன்றாம் பாகம் இருந்தது.

“உட்காருங்க அமிர்தவல்லி” என்றார் பத்மினி.

“பொடவையெல்லாம் சுண்ணாம்பு மேடம். நாற்காலி வெள்ளையாயிடும்.”

பத்மினி மேலே இருந்த புத்தகத்தைத் திறந்து திருப்பி வைத்தார். “இது நீங்க எழுதினதா?”

“ஆமா. கீழதான் பேரு போட்டிருக்கேனே.”

“பேர் போட்டதைத்தான் நானும் பாத்துட்டே இருக்கேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “லைப்ரரி புஸ்தகத்துல எழுதக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எடம் விட்டிருந்தாங்களே.”

“எங்க?”

“ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் அரப் பக்கம், முக்காப் பக்கம். எழுதத்தான விடுறாங்க?”

ஜன்னல் ஓரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “அது சாப்டர் எண்ட், ஆன்ட்டி. டிசைன்.”

“டிசைன்னா?”

“சும்மா விடறது.”

“சும்மா இன்னாத்துக்கு விடறாங்க? காகிதம் இன்னா ஓசியிலயா வருது?”

பத்மினிக்கு உதடு அசைந்தது, அடக்கிக்கொண்டார். அவர் சொன்னது இதுதான்: அஜித்நாதன் இந்தப் புத்தகங்களைப் பார்த்துவிட்டார். உறுப்பினர் அட்டையை ரத்து செய்யச் சொன்னார். பத்மினிதான் பேசித் தணித்தார். எழுதியது பென்சில் என்பதால், பதினொன்றிலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனி எழுதுவதில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் அட்டை அவளிடமே இருக்கும். மூன்றாம் பாகத்தை இன்றைக்கே எடுத்துப் போகலாம்.

“கிருத்திகா முடிச்சுட்டா. அடுத்தது உங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்.”

தெரியாமல் செய்தது தப்பு என்றால் தப்புதான். புத்தகம் அவர்களுடையது. அமிர்தவல்லி தரையில் உட்கார்ந்தாள். பத்மினி ஒரு ரப்பரைக் கொடுத்தார். பனிவாள் இளவரசியில் இருந்து ஆரம்பித்தாள். சோறு தின்னாத பெண்கள் போனார்கள். மட்டம் பிடிக்காத கோபுரம் போயிற்று. ரப்பர்த் துகளை ஊதி ஊதி, ஒவ்வொரு பக்கமாக, தன் பேரையும் ஊரையும் துடைத்தாள். பேரை அழிக்கும்போது மட்டும் கை மெதுவாகப் போனது.

நாலு புத்தகம் முடிந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. பென்சில் போய்விட்டது, நீல மை போகவில்லை. சுத்தமான வெள்ளைப் பக்கத்தின் நடுவில், தனியாக, ‘பிடிக்கலைன்னா படிக்காதீங்க!’ என்று நின்றது. அடுத்ததில் ‘முதலில் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டு’ என்று நின்றது.

“மேடம், இத்த இன்னா பண்றது?”

“எதை?”

“நான் போயிட்டேன். இது போவல. நாளைக்கி இத்த யாராச்சும் எடுத்துட்டுப் போனா, அவங்களத் திட்டுற மாதிரி இருக்குமே. பாவம், அவங்க இன்னா பண்ணாங்க?”

பத்மினி வாங்கிப் பார்த்தார். பென்சிலைத் தேடியவர் கண்ணில் இதுவரை மை படவில்லை போலிருக்கிறது. பக்கங்களைத் திருப்பத் திருப்ப அவர் முகம் மாறியது. “இது யார் எழுதினது?”

கிருத்திகா மூன்றாம் பாகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே முடித்த புத்தகத்தைக் கவனமாகப் படித்தாள்.

“பேரு போடல” என்றாள் அமிர்தவல்லி. பிறகு அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். எழுத்தை லேட்டாகக் கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் எழுத்தைத் தாண்டி அர்த்தத்துக்குப் போய்விடுவார்கள், இவர்கள் எழுத்தை முகம் பார்ப்பது மாதிரி நின்று பார்ப்பார்கள். ஒருத்தர் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் அமிர்தவல்லிக்கு மறக்காது. ‘புதிய வரவு’ என்று எழுதியிருந்த கையெழுத்தில் ‘வ’ வயிறு உப்பி, குடம் மாதிரி இருந்தது. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் குட்டி வட்டம், நீல மையில் இருந்தது போலவே. “அந்தப் பலகைய எழுதினது யாரு மேடம்?”

பத்மினி பலகையைப் பார்த்தார். கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தார். “கிருத்திகா!”

“ஆமா, நான்தான்.” புத்தகத்தைச் சட்டென்று மூடினாள். “நான்தான் எழுதினேன். என்ன இப்ப? எனக்குப் பிடிச்ச புக் எல்லாத்தையும் இவங்கதான் நாசம் பண்ணாங்க. ஒவ்வொரு நல்ல சீன் முடிஞ்சதும் கீழ வந்து இவங்க உக்காந்துக்கறாங்க. பனியில அவ ஃப்ரெண்டு சாகறா, நான் அழுதுட்டு இருக்கேன், கீழ பாத்தா ‘வெளிக்குப் போகலை’ன்னு எழுதியிருக்கு! இப்ப அந்த சீனை நெனச்சாலே எனக்கு அதான் ஞாபகம் வருது!”

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு முட்டியது. “நாற்பது நாளு பாப்பா. நீயே சொல்லு.”

“அது கதை!”

“போதும்” என்றார் பத்மினி. “கிருத்திகா, நீ பண்ணினதும் தப்பு. அப்பாகிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்.”

“பாப்பாவோட கார்டு?” என்று கேட்டாள் அமிர்தவல்லி.

பத்மினி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கீழே யாரோ தராசில் மூட்டை போடுகிற சத்தம் கேட்டது. “அவங்க வீட்டுப் படிப்பகம், அமிர்தவல்லி” என்றார் தாழ்ந்த குரலில். “என்னால முடிஞ்சது இவ்ளோதான்.”

சரி என்று அவள் மறுபடி ரப்பரை எடுத்தாள். ரோஷம் வந்தது, ஆனால் மூன்றாம் பாகம் மேசையில் இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று அழித்துக்கொண்டே போனாள். ரப்பர் பாதியாகத் தேய்ந்தது. கடைசியில் கரும்பருந்தின் இரண்டாம் பாகம் வந்தது, அதன் கடைசிப் பக்கம். இது மச்சம் இல்லை.

ரப்பர் அந்தரத்தில் நின்றது.

“அதையும் அழிங்க” என்றாள் கிருத்திகா. குரலில் வஞ்சம் தீர்க்கிற நிதானம். “அது எப்படியும் தப்புன்னு ஆயிடுச்சு. நானூத்திப் பத்தாம் பக்கம். அவன் ராஜா மகன்தான். பருந்து மச்சம்.”

“கிருத்திகா!” என்றார் பத்மினி. “அவங்க இன்னும் படிக்கவே இல்ல.”

“படிச்சா தெரியப் போறதுதானே.”

அமிர்தவல்லி கேட்டாள். “அவனத் தூக்கி வளத்தானே, தண்ணிக்காரன். ஈரத்துணி கட்டிவுட்டவன். அவன் இன்னா ஆனான்?”

“செத்துடுவான். ஃபர்ஸ்ட் சாப்டர்லயே.”

“எத்தினி வரி?”

“என்னது?”

“அவன் சாவுறது எத்தினி வரி எழுதியிருக்கு?”

கிருத்திகாவுக்கு எரிச்சல். ஆனாலும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். விரலை வைத்து எண்ணினாள். அவள் விரல் வைத்துப் படித்து அமிர்தவல்லி பார்த்தது அதுதான் முதல் தடவை. “மூணு” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை எண்ணினாள். உடனே சேர்த்துக்கொண்டாள்: “கதைதானே ஆன்ட்டி. இதுக்குப் போய்…”

“கதைதான் பாப்பா. அதனாலதான் கேக்கறேன். நெசத்துல ஆவாதுன்னு எனக்கே தெரியும்.” அமிர்தவல்லி ரப்பரைத் தரையில் வைத்தாள். கையை நீட்டினாள். “அந்தப் பேனாவக் குடு.”

கிருத்திகா பத்மினியைப் பார்த்தாள். கை மட்டும் தானாக நீண்டது. நீலப் பேனா.

அமிர்தவல்லி பேனாவில் அதுவரை அதிகம் எழுதியதில்லை. தப்பினால் அழிக்க முடியாதே என்று பயம். புத்தகத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, தன் பென்சில் எழுத்தின் மேலேயே, ஒவ்வொரு எழுத்தாக மை ஏற்றினாள். ‘இது’ முடிந்தது. ‘மச்சம்’ முடிந்தது.

“அமிர்தவல்லி, வேண்டாம்” என்றார் பத்மினி. “அப்புறம் நான் எதுவும் பேச முடியாது. அட்டை போயிடும்.”

“தெரியும் மேடம்.”

காய்ப்பு என்ற இடத்தில் பேனா அழுந்தி ஒரு கோடு தடித்துவிட்டது. பரவாயில்லை. பேர் எழுதினாள், சித்தாள் என்று எழுதினாள், ஊர் எழுதினாள். ஊதினாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. அங்கேயும் எழுதினாள்: ‘மூணு வரி பத்தாது.’ அதற்கும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டாள்.

பிறகு எழுந்து, இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையில் இருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் அவள் கையெழுத்து இருந்தது, நாற்பத்தாறாவது வயசில் போட்டது, இப்போது பார்த்தால் எழுத்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றது. பேனாவைக் கிருத்திகாவிடம் கொடுத்தாள்.

“மத்த பொஸ்தகத்துல நீ எழுதினது அப்பிடியேதான் கெடக்குது பாப்பா. கீழ பேரு போட்டுடு. இல்லன்னா நான் எழுதினதுன்னு நெனச்சுக்குவாங்க.”

மூன்றாம் பாகத்தை அவள் தொடவே இல்லை. படி இறங்கிப் போகும்போது, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு வட்டமாக ஒட்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம், மண்டப நிழலில் ஆறு பேரும் தூக்குச்சட்டியைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

“இன்னாடி?” என்றாள் தைலம்மாள். “பருந்தா, காய்ப்பா?”

“காய்ப்புதான்.”

“பொஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்குது?”

“பொஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருக்காங்க. தப்பா எழுதிட்டாங்க. அது அவங்க பாடு.”

தைலம்மாள் அவள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஊறுகாயை நடுவில் நகர்த்திவிட்டு, “அப்ப ராஜா இன்னா பண்ணான்?” என்றாள்.

அமிர்தவல்லி ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினாள். “ராஜாவுக்குத் தாகம் எடுத்துச்சு. தண்ணி கொண்டான்னான். பையன் எழுந்து வந்து, தோல்பைய ராஜா தோள்லயே மாட்டிவுட்டு, கீழ போயி நீயே மொண்டுகினு வாடான்னுட்டான்.”

“ராஜாவையா!”

“ராஜாவத்தான்.”

“எத்தினி படி?”

“தொள்ளாயிரம்.”

“துள்ளி ஓடினானா?”

“ஓடுவானா? எறங்கும்போது நல்லாத்தான் எறங்கினான். ஏறும்போது நூறாவது படியில முட்டி புடிச்சிக்குச்சு. பாதி தண்ணி கீழ ஊத்திடுச்சு. வார் தோளப் புடுங்குது. ஈரத்துணி கட்டிவுட ஆள் இல்ல, அவனத்தான் மூணு வரியில கொன்னுட்டாங்களே.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேலே வேலை செய்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார். நேரமாச்சு என்று கையைத் தட்டினார். எல்லாரும் எழுந்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, சட்டிகளை ஒருத்திக்கொருத்தி தூக்கிவிட்டார்கள். அமிர்தவல்லியின் தலையில் தண்ணீர்க் குடம். துள்ளாமல், தளும்பாமல் ஏற ஆரம்பித்தாள்.

இருபது படி போனதும் பின்னால் இருந்து தைலம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். “ஏய் அமிர்தம், ராஜா வந்துட்டானா?”

அமிர்தவல்லி தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் ஊற்றும்.

“எங்க? நூறாவது படியிலயேதான் ஒக்காந்துனு இருக்கான்” என்றாள்.